ஞானகுமாரியின் சனிக்கிழமை ரவுண்டு

என் மனைவி ஞானகுமாரி வண்டி ஓட்டுவாள். நான் பின்னால் உட்காருவேன். சிரிப்பதாக இருந்தால் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். திருமுல்லைவாயில் ஸ்டேஷன் ரோட்டில் எல்லோரும் எண்பத்தேழாம் வருஷமே சிரித்து முடித்துவிட்டார்கள்.

அந்த கைனடிக் ஹோண்டா என் பெயரில் புக் செய்து வந்த வண்டிதான். அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு செய்யும் கம்பெனி ஒன்றில் நான் ஸ்டோர் கீப்பர். பெயர் பால்ராஜ். வண்டி வந்த அன்று பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணினார். ஜெபம் முடிந்ததும் நான் ஏறி உட்கார்ந்து, தெருவே பார்த்துக்கொண்டிருக்க, நேராகப் போய் ஓர் எருமையின் மேல் மோதினேன். எருமைக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு முழங்கை பிசகியது. அதன் பிறகு மூன்று மாதம் வண்டி கோணிச்சாக்கைப் போர்த்திக்கொண்டு வாசலில் நின்றது. போகிறவர் வருகிறவர் எல்லாம் எருமையைத்தான் விசாரித்தார்கள்.

ஒருநாள் சாயங்காலம் கம்பெனியிலிருந்து வந்தால் சாக்கு மட்டும் கிடக்கிறது. வண்டியைக் காணோம். மனைவியையும் காணோம். பதறிப்போய்த் தெருமுனைக்கு ஓடினேன். எதிரே வண்டி வருகிறது. மேலே ஞானா. முன் கொக்கியில் கத்தரிக்காய்ப் பை ஆடுகிறது.

"தள்ளுங்க, தள்ளுங்க! பிரேக்கு இன்னும் சரியா புடிக்க வரல!" என்று கத்திக்கொண்டே என்னைக் கடந்து போனாள்.

ஒரு வாரமாக நான் வேலைக்குப் போன பிறகு ரயில்வே கிரவுண்டில் தானாகவே ஓட்டிப் பழகியிருக்கிறாள். ஊருக்கே தெரியும். எனக்குத்தான் தெரியாது. கோபப்பட வேண்டும் என்றுதான் நினைத்தேன். கத்தரிக்காய் நன்றாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

அவளுக்குக் கடை என்றால் எப்படி என்று சொல்ல வேண்டுமானால், அவள் வளர்ந்த இடத்தைச் சொல்ல வேண்டும். ஞானாவுக்கு அப்பா அம்மா இல்லை. நாலு வயதிலிருந்து பதினெட்டு வயது வரை மிஷன் போர்டிங்கில் இருந்தாள். அங்கே தட்டு, தம்ளர், போர்வை எல்லாவற்றிலும் நம்பர் போட்டிருக்கும். அவள் நம்பர் நாற்பத்து மூன்று. சோப்பை நூல் போட்டு அறுத்துப் பாதி கொடுப்பார்கள். என்ன வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். பதினெட்டு வயது வரை அவள் ஒரு கடை வாசலில்கூட ஏறியதில்லை என்றால் நம்புவீர்களா? கல்யாணமான புதிதில் ஆவடி மார்க்கெட்டில் ஒரு கடைக்காரர் "உனக்கு இன்னாம்மா வேணும்?" என்று கேட்டதற்கு இவள் கண் கலங்கிவிட்டாள். அந்த ஆள் பயந்துபோய் இரண்டு மாங்காய் சும்மா கொடுத்தார்.

அப்படிப்பட்டவள் கையில் வண்டி கிடைத்தால் என்ன ஆகும்? சனிக்கிழமை ரவுண்டு என்று ஒன்று வந்தது. எங்கள் பெண்ணை சர்ச் கொயருக்கு அனுப்பிவிட்டு ஒன்பது மணிக்குக் கிளம்புவாள். ஆவடி, பாரிவாக்கம், பூந்தமல்லி. திரும்பி அதே வழி. வந்து சேர மணி இரண்டாகும். நாலு சாமான் வாங்க எதற்கு ஐந்து மணி நேரம் என்று கேட்டால், "நீங்க வந்து பாருங்க, தெரியும்" என்பாள். நான் போக மாட்டேன். சனிக்கிழமை எனக்கும் லீவு. லீவு நாளில் பெண்டாட்டி பின்னால் உட்கார்ந்து ஊரைச் சுற்றுவானா ஒருவன்?

எங்கள் வீட்டில் பாத்திரம் எல்லாம் ஜோடி. எண்ணெய்த் தூக்கு இரண்டு. தயிர்த் தூக்கு இரண்டு. காப்பித்தூள் டப்பா இரண்டு. ஒன்று வீட்டில் இருக்கும், ஒன்று கடையில் இருக்கும். போகும்போது காலியைக் கொடுத்து வைப்பாள். வரும்போது போன வாரம் விட்டுவந்ததை நிரப்பி வைத்திருப்பார்கள், எடுத்துக்கொள்வாள். அவர்கள் கொடுக்கும் கவரில் வாங்கிக்கொண்டு வந்தால் ஆகாதா என்று கேட்டேன். "நம்ம பாத்திரம் அவங்க கடையில இருந்தா அடுத்த வாரம் நாம வருவோம்னு அர்த்தம்" என்றாள். இதில் என்ன அர்த்தம் இருக்கிறது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

தொண்ணூற்றொன்றில் கம்பெனி ஓசூரில் புதுக் கிளை திறந்தது. என்னை ஸ்டோர்ஸ் ஆபீசராகப் போகச் சொன்னார்கள். குவார்ட்டர்ஸ் உண்டு, பெண்ணுக்குப் பள்ளிக்கூடமும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். எனக்கு அந்த வேலையில் ஆசை இருந்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். மேஜையில் 'ஆபீசர்' என்று பலகை வைப்பார்கள். பதினாறு வருஷமாக நட்டு போல்ட்டு எண்ணியவனுக்கு அது பெரிய விஷயம்தான்.

ஞானாவிடம் சொன்னேன். ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தவள், "உங்க இஷ்டம்" என்றாள்.

கல்யாணமான ஆண்களுக்குத் தெரியும், இதைவிட ஆபத்தான வார்த்தை தமிழில் கிடையாது. "ஓசூர்லயும் கடை இருக்குது ஞானா" என்றேன். "இருக்கும்" என்றாள். "குளுகுளுன்னு இருக்குமாம்." "இருக்கும்." அதோடு பேச்சு முடிந்தது. வெள்ளிக்கிழமை படுக்கப் போகுமுன் மட்டும், "நாளைக்கு ஒரு தரம் என்கூட வாங்க" என்றாள். சாமான் அதிகம் இருக்கும், தூக்க ஆள் வேண்டும்போல என்று நினைத்து, சரி என்றேன். என் புத்தி அவ்வளவுதான்.

சனிக்கிழமை கிளம்பினோம். கால் வைக்கும் இடத்தில் காலித் தூக்குகள். பின்னால் நான். அவள் தோளைப் பிடித்தால் ஊர் பேசும் என்று சீட்டுக்குப் பின்னால் இருந்த கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நாற்காலியோடு கடத்திச் செல்லப்படுபவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

முதலில் ஆவடி. கலீல் ரகுமான் பாயின் தையல் கடை. ஒரே மிஷின், ஒரே பெஞ்சு, சுவர் முழுக்க ஆணி, ஆணி முழுக்க ஜாக்கெட். போன வாரம் கொடுத்த துணிக்கு நூல் கலர் சேரவில்லை என்று ஞானா எதிர்க்கடைக்குப் போனாள். நானும் பாயும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எத்தனை நேரம் சும்மா இருப்பது?

"ஓசூருக்குப் போறோம் பாய். ஆபீசர் போஸ்டு குடுத்துருக்காங்க" என்றேன்.

மிஷின் நின்றது. "மாஷா அல்லா. நல்ல சேதிங்க" என்றார் பாய். "எப்போ?"

"அடுத்த மாசம்."

"அக்கா சொல்லவே இல்லியே" என்றார். பிறகு மிஷின் மறுபடி ஓடியது. நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்! ஆனால் நுணலுக்குக்கூட ஒரு வாய்தான். எனக்கு அன்று போகிற இடமெல்லாம் வாய் முளைத்தது.

பாரிவாக்கத்தில் கண்ணம்மா வீட்டில் தயிர். ரோட்டோரம் கொட்டகை, நாலு எருமை. எருமைகளைப் பார்த்ததும் நான் வண்டியைவிட்டு இறங்கவில்லை. ஞானா புதிதாய்ப் பிறந்த கன்றைப் பார்க்கப் பின்பக்கம் போய், அதற்குப் பெயர் வைப்பதில் பத்து நிமிடம் செலவழித்தாள். அதற்குள் கண்ணம்மாவிடம் ஓசூர் விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

பூந்தமல்லியில் அவள் செய்ததைப் பார்த்தால் யாருக்கும் பசி எடுக்கும். பக்தவத்சலத்தின் காப்பிக் கடையில் வறுத்த கொட்டையில் ஒன்றை எடுத்துக் கடித்து, "இன்னிக்கு ஒரு நிமிஷம் தீய வுட்டுட்டீங்க அண்ணே" என்றாள். அவர் ஆளைத் திட்டிவிட்டு வேறு மூட்டையைப் பிரித்தார். வேம்புலியின் எண்ணெய்க் கடையில் விரலால் தொட்டு நாக்கில் வைத்து, கண்ணை மூடி, தலையை ஆட்டினாள். வேம்புலி அந்தத் தலையாட்டலுக்காகவே காத்திருந்த மாதிரி சிரித்தார். பூக்கடையில் முல்லைக்கு மணம் பார்த்தாள், நகராத சாமி தேர் மாதிரி சுண்டல் வண்டிக்கு முன்னால் நின்று எனக்கும் ஒரு பொட்டலம் வாங்கிக் கொடுத்தாள். ஒரு கடையிலும் அவள் பேரம் பேசவில்லை. ஆனால் ஒரு கடையையும் பத்து நிமிடத்துக்குள் விட்டு வரவில்லை. வேம்புலி மருமகளுக்கு எத்தனையாவது மாசம், பக்தவத்சலத்தின் பல் வலி இப்போது எந்தப் பக்கம் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

என்னை ஒருவருக்கும் தெரியவில்லை. "ஸ்கூட்டரம்மா ஊட்டுக்காரரா? குந்துங்க சார்" என்றார் வேம்புலி. எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்துவிட்டது. நானும் ஒரு ஆள்தான் என்று காட்ட வேண்டாமா? அவள் பூக்கடையில் நின்ற நேரத்தில் வேம்புலியிடம் ஒருமுறை, பக்தவத்சலத்திடம் ஒருமுறை, ஓசூர், ஆபீசர், குவார்ட்டர்ஸ் என்று முழுதாக ஒப்பித்துவிட்டேன். எல்லோரும் கை குலுக்கினார்கள். சந்தோஷமாக இருந்தது.

திரும்பும்போதுதான் வினை.

பக்தவத்சலம் நிரப்பிய டப்பாவைக் கொடுத்தார். கூடவே, காலையில் நாங்கள் கொடுத்த காலி டப்பாவையும் துடைத்துக் கொடுத்தார். "இது எதுக்குண்ணே?" என்றாள் ஞானா. "புது ஊர்ல தேவைப்படும் இல்லம்மா. எண்பதுக்கு இருபதுன்னு உள்ள சீட்டு எழுதிப் போட்டுருக்கேன். சிக்கரி அதுக்கு மேல போட வுடாதே" என்றார்.

ஞானா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் எதிரே இருந்த இரும்புக்கடையைப் பார்த்தேன்.

வேம்புலியிடமும் அதே கதை. நிரம்பிய தூக்கு ஒன்று, காலித் தூக்கு ஒன்று. "அங்கலாம் மிஷின்ல ஆட்டுன எண்ணதாம்மா கெடைக்கும். சூடா இருக்க சொல்லவே ஊத்திக் குடுப்பானுங்க, வாங்காத" என்றார். அவர் குரல் சரியாக இல்லை. பாரிவாக்கத்தில் கண்ணம்மா இரண்டு தூக்கையும் கொண்டுவந்து வைத்துவிட்டு, "எந்தயிரு புளிக்குதுன்னு கொற சொல்ல இனிமே யாரு வரப்போறா" என்று முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். ஞானா நிரம்பியவற்றைக் கால் வைக்கும் இடத்தில் அடுக்கினாள். காலிகளைச் சணல் கயிற்றில் கோத்து என் கையில் கொடுத்தாள்.

பாரிவாக்கத்திலிருந்து ஆவடி வரை ரோட்டில் எத்தனை பள்ளம் என்று அன்று தெரிந்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் காலித் தூக்கு டணார், டணார் என்றது. சைக்கிளில் போனவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஞானா ஒரு வார்த்தை பேசவில்லை. போகும்போது "அதோ பாருங்க, அங்க கரும்பு ஜூஸ் நல்லா இருக்கும், இதோ இந்தக் கடையில ஊசி நூல்கூட கெடைக்கும்" என்று வழியெல்லாம் வாய் ஓயாமல் வந்தவள்.

கலீல் பாய் புது ஜாக்கெட்டை மடித்துத் தயாராக வைத்திருந்தார். அதன் மேல் இன்னொரு ஜாக்கெட். சாயம் போன ஊதா நிறம். இஸ்திரி போட்டிருந்தது.

"அளவு ஜாக்கெட்டு" என்றார் பாய். "உங்க கல்யாண வருஷத்துல குடுத்தது. இத்தனை வருஷம் எங்கிட்டயே இருந்துச்சு. புது ஊர் டைலருக்கு வேணும்ல. ஆனா இது அளவு பழசு. மேல எவ்ளோ வுடணும்னு எனக்குத்தான் தெரியும். அதான் எழுதிக் குத்தி வச்சுருக்கேன்."

உள்ளே ஒரு சீட்டு, குண்டூசியால் குத்தியிருந்தது. ஞானா அதைப் பிரித்துப் படித்தாள். நானும் அவள் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் படித்தேன்.

'இடுப்பு ஒன்றரை இஞ்சு கூட. கை அரை இஞ்சு லூசு. வலது தோள் கொஞ்சம் இறக்கம், கவனித்து வெட்டவும்.'

"வலது தோள் இறக்கமா?" என்றேன்.

"ஆமா சார். சின்ன வயசுல ஒரே கையில வெயிட்டு தூக்குனா அப்பிடி ஆவும். அக்கா போர்டிங்ல தண்ணி எறைச்சிருக்காங்க இல்ல?" என்றார் பாய், எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தைச் சொல்வதுபோல.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். எனக்குத் தெரியாது. இதை எழுதும்போதுகூட வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஞானா வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்தாள். ஸ்டார்ட் பட்டனை அழுத்துவதற்குப் பதிலாக ஹாரனை அழுத்தினாள். மறுபடியும் ஹாரன். எருமை மேல் ஒருநாளும் மோதாதவள், எந்த வண்டியையும் தடுமாறாமல் கடந்து போகிறவள், சும்மா நிற்கும் வண்டியில் ஹாரன் அடித்துக்கொண்டு இருக்கிறாள். ஊதா ஜாக்கெட் மடியில் இருந்தது.

"எனக்குப் போக இஷ்டம் இல்லீங்க" என்றாள்.

என் கையில் காலித் தூக்கு ஒன்று டணார் என்றது.

"அங்க கடை இருக்கும். எனக்குத் தெரியாதா? ஆனா பதினெட்டு வயசு வரைக்கும் நான் வெறும் நாப்பத்து மூணுங்க. எனக்கு இன்னா வேணும்னு ஒருத்தருக்கும் தெரியாது, எனக்கே தெரியாது. இங்க இவங்களுக்கு எல்லாம் தெரியும். சிக்கரி எவ்ளோ, எண்ண எந்த மணம், தோள் எத்தனை இஞ்சு. போயிட்டா மறுபடியும் மொதல்லேர்ந்து யாருகிட்ட சொல்லிகினு இருப்பேன்?" மூக்கை உறிஞ்சினாள். "ஆனா உங்களுக்கும் ஆசை இருக்குதுல்ல. அதான் சொல்லல. இன்னிக்குக் கூட்டிகினு போய்க் காட்டிட்டா போதும்னு நெனச்சேன். அதுக்குள்ள நீங்க ஊரெல்லாம் தண்டோரா போட்டுட்டீங்க."

மேஜைமேல் வைக்கப்போகிற பலகை ஒருமுறை கண்முன் வந்து போனது. நல்ல பலகைதான். வெள்ளை எழுத்து போட்டிருப்பார்கள். ஆனால் பெண்டாட்டியின் தோள் இறக்கம் தையல்காரருக்குத் தெரிந்து தனக்குத் தெரியாத ஆபீசரை யார் மதிப்பார்கள்?

அழுதுவிடுவேனோ என்று பயமாக இருந்ததால் கோபப்பட்டேன். எனக்குத் தெரிந்த வழி அதுதான்.

"இன்னா இது? கை ரெண்டுலயும் காலி டின்னை மாட்டிவிட்டுட்ட. நான் எதைப் புடிச்சிகினு உக்கார்றது? வுழுந்து சாவவா?" என்று கத்தினேன். அவள் மடியிலிருந்த ஊதா ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு கடைக்குள் போனேன். "பாய், இது உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றேன்.

பாய் என்னைப் பார்த்தார். வாசலில் இருந்தவளைப் பார்த்தார். குண்டூசியைப் பிடுங்கி மிஷின் மேலிருந்த பஞ்சில் குத்திவிட்டு, ஜாக்கெட்டைப் பழைய ஆணியிலேயே மாட்டினார். சீட்டை மட்டும் என் சட்டைப் பையில் வைத்தார். "நீங்க வச்சுக்கங்க சார்" என்றார்.

வெளியே வந்தேன். "வண்டியத் திருப்பு."

"எங்க?"

"எங்கயா? இந்த டின்னெல்லாம் எங்கங்க இருக்கணுமோ அங்கங்க."

"பூந்தமல்லி வரைக்குமா? இந்த வெயில்லயா? தயிர் புளிச்சிடுங்க!"

"புளிக்கட்டும். மோர்க்குழம்பு வை."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, சரியான பட்டனை அழுத்தினாள்.

பாரிவாக்கத்தில் கண்ணம்மாவிடம் காலித் தூக்கை நானே இறங்கிக் கொடுத்தேன், நாலு எருமைக்கும் நடுவில் போய். "போவலியா?" என்று அவள் கேட்டதற்கு, "தயிரு புளிக்குதுன்னு சொல்ல ஆளு வேணாமா?" என்றேன். பூந்தமல்லியில் பக்தவத்சலம் டப்பாவை வாங்கி வைத்துக்கொண்டு எங்கள் இருவருக்கும் காப்பி போட்டுக் கொடுத்தார். அவ்வளவு நல்ல காப்பியை நான் எங்கள் வீட்டில்கூடக் குடித்ததில்லை. இதை ஞானாவிடம் சொல்லவில்லை.

கடைசியாக வேம்புலி. தூக்கை நீட்டியதும் அவர் குழம்பிவிட்டார். "இன்னா சார், எண்ண ஊத்தாம குடுத்துட்டனா?"

"இல்லீங்க. அடுத்த சனிக்கிழமைக்கு. ரெண்டு கிலோ நல்லெண்ண" என்றேன்.

வேம்புலி தூக்கை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அவசர அவசரமாகப் போனார், நான் மனசு மாறிவிடுவேன் என்று பயந்தவர்போல.

ஓசூருக்கு எங்கள் கம்பெனி எட்மண்ட் போனார். நல்ல மனிதர். கிறிஸ்துமஸுக்குக் கார்டு அனுப்புகிறார், அங்கே குளிர் என்று எழுதுகிறார். இருக்கும்.

அன்று வீடு திரும்பும்போது மணி நாலு. வெயில் முதுகில் அடித்தது. தயிர் புளித்துக்கொண்டிருந்தது. என் கைகள் இரண்டும் காலியாக இருந்தன. பின்னால் கம்பி இருக்கத்தான் இருந்தது. பருத்திப்பட்டு தாண்டியதும், ரோட்டில் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, அவள் தோள்கள் இரண்டின்மேலும் கை வைத்துக்கொண்டேன்.

பாய் எழுதியது சரிதான். வலது பக்கம் கொஞ்சம் இறக்கம்.